திரையில் படிப்பதா, அச்சில் சேர்ப்பதா: காமிக்ஸ் வாசகருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு காமிக்ஸை இரண்டாவது முறை எடுத்துப் புரட்டத் தோன்றுகிறதா? எதை அச்சில் வாங்குவது, எதைத் திரையோடு விட்டுவிடுவது என்பதை இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் இப்போதெல்லாம் முடிவு செய்கிறேன். இங்கே வந்து சேர்வதற்குள் இரண்டு பக்கமும் அடிபட்டாயிற்று. முதலில் கண்ணில் பட்டதையெல்லாம் புத்தகமாக வாங்கி அடுக்கினேன். அலமாரி நிறைந்து, மிச்சம் கட்டிலுக்கடியில் போய், அங்கே ஈரம் ஏறி ஒரு தொடரின் பாதி இதழ்கள் அலை அலையாக நெளிந்துவிட்டன. அந்த வேதனையில் எல்லாவற்றையும் டிஜிட்டலுக்கு மாற்றினேன். நாலைந்து வருடம் கழித்து, காசு கொடுத்து வாங்கிய ஒரு தொடரே செயலியிலிருந்து காணாமல் போனது. கேட்டதற்கு உரிமம் முடிந்துவிட்டது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

அதனால் இரண்டில் எது உயர்ந்தது என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. முதல் வாசிப்புக்குத் திரை, திரும்பத் திரும்பப் படிப்பதற்குக் காகிதம், இதுதான் என் வழி. இதற்கு விலக்குகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன். கீழே உள்ள வரிசையிலேயே செய்தால் பணமும் இடமும் மிச்சமாகும். ஏற்கெனவே பெரிய சேகரிப்பு வைத்திருப்பவர்கள் ஏழாவது படியிலிருந்து தொடங்கலாம்.

படி 1: ஒரு மாதம் வாங்காமல் குறித்து வையுங்கள்

ஒரு சின்ன நோட்டோ போனில் ஒரு பட்டியலோ போதும். அந்த மாதத்தில் நீங்கள் படித்த ஒவ்வொன்றின் பெயருக்குப் பக்கத்திலும் மூன்றே விஷயம் எழுதுங்கள்: முதல் தடவையா மறுவாசிப்பா, எங்கே உட்கார்ந்து படித்தீர்கள், பாதியில் விட்டீர்களா. மாதக் கடைசியில் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். பயணத்திலும் படுக்கையிலும் படித்தவை பெரும்பாலும் ஒரு தடவையோடு முடிந்திருக்கும். மறுவாசிப்பு என்று எழுதியவை மிகக் குறைவாக இருக்கும், அதுவும் திரும்பத் திரும்ப அதே நாலு பெயர்களாக இருக்கும். அந்த நாலு பெயர்தான் உங்கள் அச்சுச் சேகரிப்பின் தொடக்கம்.

படி 2: எந்தப் படைப்பு எதற்காக வரையப்பட்டது என்று பாருங்கள்

பலரும் தாண்டிப் போகிற இடம் இதுதான், என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட முக்கியமானதும் இதுதான். ஒரு ஓவியர் பக்கத்தை முதலில் முழுதாகத்தான் யோசிக்கிறார், அப்புறம்தான் கட்டங்களாகப் பிரிக்கிறார். பக்கத்தைத் திருப்பும் கணத்தில் ஒரு அதிர்ச்சி வர வேண்டும் என்றால், அந்தப் படத்தை அடுத்த தாளின் இடது பக்கத்தில் வைப்பார். வலது பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் கதவு திறக்கும், உள்ளே என்ன என்பது தாளைப் புரட்டினால்தான் தெரியும். இந்தக் கணக்கு ஒவ்வொரு பக்கமாக நகரும் திரையிலும் ஓரளவு நிற்கும். கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியைப் போட்டால் மொத்தமாகக் கலைந்துவிடும்.

அந்தக் கட்ட வாசிப்பை எல்லோருக்கும் பழக்கிவிட்டது டிஜிட்டல் காமிக்ஸ் விற்பதற்காக 2007-ல் தொடங்கிய காமிக்ஸாலஜி நிறுவனம். சின்னத் திரையில் எழுத்து தெரியாத கஷ்டத்துக்கு அது நல்ல தீர்வுதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நீளமான மௌனக் கட்டத்துக்குக் கீழே மூன்று குட்டிக் கட்டங்கள் இருந்தால், அந்த அளவு வித்தியாசத்திலேயே நேரம் எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று ஓவியர் சொல்லியிருப்பார். எல்லாக் கட்டத்தையும் ஒரே அளவுக்கு நீட்டிக் காட்டும்போது அந்தப் பேச்சு கேட்காமலே போகிறது.

வெப்டூன் இதற்கு நேர் எதிர். கொரியாவில் 2004-ல் நேவர் நிறுவனம் தொடங்கிய தளத்திலிருந்து உலகம் முழுக்கப் பரவிய இந்த வகை, விரலால் மேலே தள்ளிக்கொண்டே படிப்பதற்காகவே வரையப்படுவது. இரண்டு கட்டங்களுக்கு நடுவே விடப்படும் வெற்றிடம்தான் அதில் தாளம். ஒரு பாத்திரம் விழுவதைக் காட்ட மூன்று திரை நீளத்துக்கு வெறும் இருட்டை விடுவார்கள். அதை வெட்டி ஒட்டிப் புத்தகமாக்கும்போது அந்த விழுதல் அரைப் பக்கத்தில் அடங்கிப்போகிறது. ஆகவே வெப்டூனைப் போனிலேயே படியுங்கள். மிகவும் பிடித்திருந்தால் புத்தகத்தை நினைவுப் பொருளாக வாங்கலாம்.

ஜப்பானியக் காமிக்ஸான மங்கா நடுவில் நிற்கிறது. கறுப்பு வெள்ளை, சிறிய அளவு, வலமிருந்து இடமாக வாசிப்பு. ஆரம்ப கால ஆங்கிலப் பதிப்புகள் பலவற்றில் பக்கங்களைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி அச்சிட்டார்கள், அதனால் வலக்கையில் வாள் பிடித்த வீரர்கள் எல்லாம் இடக்கைக்காரர்கள் ஆனார்கள். பழைய பிரதி வாங்குவதாக இருந்தால் இதைக் கவனியுங்கள். டிஜிட்டலில் படிக்கும்போது செயலியில் வாசிப்புத் திசையை மாற்ற மறந்துவிட்டால் இரட்டைப் பக்கப் படங்கள் இடம் மாறி ஒட்டிக்கொள்ளும், கதை புரியாமல் குழம்புவீர்கள்.

பழைய வண்ணக் காமிக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. அவை மங்கலான செய்தித்தாள் காகிதத்துக்காக நிறம் தீட்டப்பட்டவை. அந்தக் காகிதம் மையை உறிஞ்சி நிறத்தைத் தணித்துவிடும் என்று தெரிந்தேதான் அடர்த்தியான மஞ்சளும் சிவப்பும் வைத்தார்கள். அதே நிறத்தைப் பளபளக்கும் வெள்ளைத் தாளிலோ திரையிலோ அப்படியே போட்டால் கண்ணைக் குத்தும். சில மறுபதிப்புகளில் இப்படித்தான் நடக்கிறது. திரையில் படித்துவிட்டு "இவ்வளவுதானா" என்று நினைத்த ஒரு பழைய கதையைப் பழுப்பேறிய அசல் இதழில் பார்த்தபோது, இரவுக் காட்சியின் நீலம் அவ்வளவு ஆழமாக இருந்தது, ஒரே மூச்சில் இரண்டு தடவை படித்தேன். முதல் வாசிப்பு திரையில் என்ற என் வழிக்கு இதுதான் பெரிய விலக்கு.

படி 3: திரையின் அளவைக் கணக்குப் போட்டு வாங்குங்கள்

விளம்பரத்தைப் பார்த்து டேப்லெட் வாங்காதீர்கள், பக்கத்தின் அளவைப் பாருங்கள். இன்றைய அமெரிக்க மாத இதழ் சுமார் 6⅝ அங்குல அகலம், 10¼ அங்குல உயரம். மூலைக்கு மூலை அளந்தால் 12 அங்குலத்துக்குச் சற்று மேலே. அதாவது 12 அல்லது 13 அங்குல டேப்லெட்டில்தான் பக்கம் அசல் அளவுக்கு வரும். 10 அங்குலத் திரையில் ஏறக்குறைய 80 சதவீத அளவு, அது தாராளமாகப் போதும். 8 அங்குலத்தில் மூன்றில் இரண்டு பங்குதான், எழுத்து நெருக்கமாக இருந்தால் கண் வலிக்கும். போனில் பாதிகூட வராது. மங்கா புத்தகங்கள் அச்சிலேயே சிறியவை என்பதால் அவற்றுக்கு 8 அங்குலமே நன்றாக இருக்கும்.

இரட்டைப் பக்கப் படங்களுக்குத் திரையைப் படுக்கவைத்தாலும், 13 அங்குலத் திரையில்கூட முக்கால் அளவுக்குத்தான் வரும். அந்த இடத்தில் காகிதத்துக்கு ஈடில்லை. மின்நூல் கருவிகளில் இருக்கும் மின்தாள் (இ-இங்க்) திரை கண்ணுக்கு இதமானது, மங்காவுக்கு அருமையானது. வண்ண மின்தாள் வந்துவிட்டது என்றாலும் கெலைடோ 3 வகைத் திரையில் கறுப்பு வெள்ளைக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி கிடைக்கும்போது வண்ணத்துக்கு 150 தான், நிறமும் வெளிறித் தெரியும். வண்ணக் காமிக்ஸ்தான் உங்கள் உயிர் என்றால் சாதாரண டேப்லெட்டே வாங்குங்கள், வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் படியுங்கள்.

படி 4: டிஜிட்டலில் எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மூன்று வகை இருக்கிறது, மூன்றும் வேறு வேறு.

முதலாவது சந்தா. மார்வெல் 2007-லேயே தொடங்கிவிட்டது, இப்போது அதில் புதிய இதழ்கள் கடைக்கு வந்து மூன்று மாதம் போலக் கழித்துச் சேர்கின்றன. மாதச் சந்தாவில் ஆயிரக்கணக்கான இதழ்கள். முதல் வாசிப்புக்கு இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் சந்தா நின்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது, அதைத் தெரிந்தே சேருங்கள்.

இரண்டாவது, செயலிக்குள் "வாங்குவது". நான் ஏமாந்தது இங்கேதான். பொத்தானில் வாங்கு என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலான கடைகளில் நீங்கள் பெறுவது படிப்பதற்கான அனுமதி மட்டுமே. ஜேமங்கா என்ற தளம் 2013-ல் மூடப்பட்டபோது, அந்த மே மாதத்தோடு வாங்கியவர்கள் யாரும் தங்கள் புத்தகங்களைத் திறக்க முடியாமல் போனது. 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியது, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், புத்தகங்கள் போனது போனதுதான். காமிக்ஸாலஜியை 2014-ல் அமேசான் வாங்கியது, 2023 டிசம்பரில் தனிச் செயலியை நிறுத்தி அமேசானின் மின்நூல் செயலியான கிண்டிலுக்குள் சேர்த்துவிட்டார்கள். அதில் புத்தகங்கள் போகவில்லை, ஆனால் வருடக்கணக்காகப் பழகிய வாசிப்பு முறை ஒரே நாளில் மாறியது. அனுமதியைத்தான் விற்கிறோம் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் சட்டமே போட்டிருக்கிறது, 2025 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இந்த வகையில் வாங்குவதாக இருந்தால், இந்தப் புத்தகம் ஐந்து வருடம் கழித்து இல்லாமல் போனாலும் வருத்தமில்லை என்று தோன்றுகிற அளவுக்கு மட்டும் செலவு செய்யுங்கள். அரை விலைத் தள்ளுபடியில் வாங்கினால் மனசு ஆறும்.

மூன்றாவது, பூட்டு இல்லாத கோப்பு. பதிப்பாளரோ ஓவியரோ நேரடியாகப் பிடிஎஃப் அல்லது சிபிஇசட் கோப்பாகக் கொடுப்பது (சிபிஇசட் என்றால் என்ன என்று அடுத்த படியில் சொல்கிறேன்). இது மட்டும்தான் உண்மையிலேயே உங்களுடையது. தனி ஓவியர்கள் பலர் இப்படித்தான் விற்கிறார்கள், பணமும் அவர்கள் கைக்கு அதிகம் போகிறது. பதிப்புரிமை காலாவதியான பழைய அமெரிக்க இதழ்களை டிஜிட்டல் காமிக் மியூசியம் போன்ற தளங்களில் சட்டப்படி இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். திருட்டு ஸ்கேன் பக்கம் மட்டும் போகாதீர்கள், அது கடைசியில் நாம் விரும்பும் தொடரையே நிறுத்திவிடும்.

படி 5: கோப்புகளை ஒழுங்காக வையுங்கள்

சிபிஇசட் என்பது பெரிய மர்மம் இல்லை, படங்கள் நிறைந்த ஒரு ஜிப் கோப்பு, பெயரின் கடைசி எழுத்துகளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். திரும்ப ஜிப் என்று பெயரை மாற்றினால் எந்தக் கணினியிலும் திறக்கும். முப்பது வருடம் கழித்தும் திறக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இருப்பது இந்த எளிமையால்தான். சிபிஆர் கோப்புகள் ரார் என்ற வேறு சுருக்க வகை, முடிந்தால் அவற்றைச் சிபிஇசட்டாக மாற்றிவிடுங்கள்.

நீங்களே ஸ்கேன் செய்து கோப்பு உருவாக்கினால் பக்கங்களுக்கு 1, 2, 3 என்று பெயர் வைக்காதீர்கள். பல செயலிகள் எழுத்து வரிசையில் அடுக்கும், 1-க்கு அடுத்து 10 வரும், 2 எங்கேயோ போய் நிற்கும். 001, 002 என்று மூன்று இலக்கத்தில் வையுங்கள். ஸ்கேனை அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் எடுத்தால் ஒரு பக்கம் சுமார் 2000-க்கு 3000 பிக்சல் வரும், எந்த டேப்லெட்டுக்கும் அது போதும். தொடர் பெயர், இதழ் எண், ஆண்டு மூன்றும் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும். கொஞ்சம் கணினி தெரிந்தவர்கள் கோம்கா அல்லது கவிட்டா என்ற இலவச மென்பொருளை வீட்டுக் கணினியில் நிறுவிக்கொண்டால், எல்லாச் சாதனத்திலும் விட்ட பக்கத்திலிருந்து தொடரலாம்.

நகல் இரண்டு, அதில் ஒன்று வேறு ஒரு வீட்டில் அல்லது இணைய மேகச் சேமிப்பில். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 6: அச்சில் எந்த வடிவம் என்று முடிவு செய்யுங்கள்

இரண்டாவது தடவை படித்துவிட்டீர்கள், இன்னும் விடமாட்டேன் என்கிறது. சரி, வாங்கிவிடலாம். ஆனால் எந்தப் பதிப்பு?

தனி இதழ் என்றால் அந்தக் காலத்து விளம்பரங்கள், வாசகர் கடிதங்கள் எல்லாம் சேர்ந்து வரும். தொகுப்புகளில் இவற்றைப் பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள். வாசகர் கடிதப் பகுதிக்காகவே நான் சில இதழ்களை வைத்திருக்கிறேன், ஒரு பாத்திரம் இறந்த மாதத்துக்குப் பிறகு வாசகர்கள் எழுதிய கோபம் வேறெங்கும் கிடைக்காது. மெல்லிய அட்டைத் தொகுப்பு ஐந்தாறு இதழ்களைச் சேர்த்து வரும். மறுவாசிப்புக்கு இதுதான் கைக்கு அடக்கம். ஆயிரம் பக்கக் கனத்த தொகுப்பு அலமாரியில் அழகாக இருக்கும், மடியில் வைத்தால் கால் மரத்துவிடும், அதனால் திறக்கவே மாட்டீர்கள். அதில் இன்னொரு சிக்கல், நடு மடிப்பு. பசை போட்டு ஒட்டியதா, நூலால் தைத்ததா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள். தைத்த புத்தகம் மேஜையில் விரித்தால் படுத்துக்கொள்ளும். ஒட்டியது மூடிக்கொள்ளும், இரட்டைப் பக்கப் படத்தின் நடுவில் நிற்கும் பாத்திரத்தின் முகம் பள்ளத்துக்குள் போய்விடும்.

தொகுப்பு வரும் வரை பொறுக்கலாமா என்று யோசிக்கும்போது உரிமை விவகாரத்தையும் பாருங்கள். பொம்மை நிறுவனங்களிடமோ படக் கம்பெனிகளிடமோ உரிமம் வாங்கி வெளியிட்ட தொடர்கள் பல பத்தாண்டுகள் மறுபதிப்பே காணாமல் கிடக்கும். ஒரு பொம்மையை வைத்து மார்வெல் 1979 முதல் 1986 வரை வெளியிட்ட ரோம் தொடர் அப்படிப்பட்டது. பொம்மை உரிமை வேறிடம் போய்விட்டதால், 2024-ல்தான் பெரிய தொகுப்பாக வந்தது. நடுவில் இருந்த அத்தனை வருடமும் அதைப் படிக்க வேண்டுமென்றால் பழைய இதழ்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இப்படி உரிமையில் சிக்கிய தொடர் கண்ணில் பட்டால் யோசிக்காமல் அச்சில் வாங்குங்கள், முதல் வாசிப்பு என்றாலும் பரவாயில்லை.

படி 7: பழைய இதழை வாங்கும் முன் கையில் எடுத்துப் பாருங்கள்

நேரில் வாங்கும்போது நான் பார்க்கும் வரிசை இது. முதலில் அட்டையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடிப்பேன். நேராகப் பார்த்தால் தெரியாத மடிப்புக் கோடுகள் சாய்வில் பளிச்சென்று தெரியும். அடுத்து முதுகு. ஸ்டேப்பிள் பின்னுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கீறல் கோடுகள் இருக்கும். அவற்றில் நிறம் உதிர்ந்து வெள்ளைக் காகிதம் தெரிகிறதா, நிறம் அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிறம் உதிர்ந்தால் மதிப்பு நன்றாகக் குறையும். அதை மறைக்கச் சிலர் பேனா மையால் தொட்டு வைப்பார்கள். அட்டையின் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அதே இடத்தில் மை ஊறி வந்திருந்தால் வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

பின்னில் துரு இருக்கிறதா, துருவின் கறை தாளுக்கு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நடுத் தாளைத் திறங்கள். இரண்டு பின்னும் அதைப் பிடித்திருக்கிறதா? நடுத் தாள் கழன்று தொலைந்தால் ஒரே தாளில் நான்கு பக்கம் போய்விடும், விற்பவருக்கே அது தெரியாமல் இருக்கும். அப்புறம் ஒவ்வொரு தாளாகப் புரட்டி, யாராவது கத்தரித்து எடுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். 1970களின் நடுவில் மார்வெல் இதழ்களில் வெட்டி ஒட்டிச் சேர்க்கும்படி சின்ன முத்திரைப் படங்கள் அச்சிட்டார்கள். வுல்வரின் முதன்முறையாக முழுமையாகத் தோன்றும் 1974-ன் ஹல்க் 181-வது இதழிலும் அப்படி ஒன்று உண்டு. அன்றைய சிறுவர்கள் ஆசையாக வெட்டிவிட்டார்கள், அதனால் அட்டை புத்தம் புதிதாக இருந்தும் உள்ளே ஓட்டையோடு கிடக்கும் பிரதிகள் இன்றும் கைமாறுகின்றன. படமெடுத்து அனுப்பச் சொல்லி வாங்குவதாக இருந்தால் அந்தப் பக்கத்தின் படத்தையும் கேளுங்கள்.

முதல் பதிப்புதானா என்று பார்க்க, முதல் பக்கத்தின் அடியிலோ உள் அட்டையிலோ உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். அசலைப் போலவே விளம்பரங்களோடு வெளியிடும் நகல் பதிப்புகள் இப்போது நிறைய வருகின்றன. படிக்க அவை மிக நல்லவை, அசல் விலை கொடுக்கத்தான் கூடாது. அட்டையில் நவீன பார்கோடு இருந்தால் உஷாராகிவிடுங்கள்.

சிஜிசி போன்ற நிறுவனங்கள் தரம் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துக் கொடுக்கும். 2000-ஆம் ஆண்டு முதல் இது நடக்கிறது. விலை உயர்ந்த இதழை முன்பின் தெரியாதவரிடம் வாங்கும்போது அது பாதுகாப்பு. ஆனால் உடைக்காமல் அதைத் திறந்து படிக்க முடியாது, படிக்க முடியாத காமிக்ஸை வைத்திருக்க எனக்கு மனம் வருவதில்லை.

படி 8: உறையும் பெட்டியும்

பழைய செய்தித்தாள் வகைக் காகிதத்தில் லிக்னின் என்ற மரப் பொருள் இருக்கிறது. காற்றும் வெளிச்சமும் பட்டு அது அமிலமாகி, தாளைப் பழுப்பாக்கி, கடைசியில் நொறுக்கும். நிறுத்த முடியாது, மெதுவாக்கலாம்.

ஒவ்வோர் இதழுக்கும் ஓர் உறை, பின்னால் அமிலமற்ற ஓர் அட்டை. சாதாரண அட்டையை வெட்டி வைக்காதீர்கள், அதிலிருக்கும் அமிலமே புத்தகத்துக்குள் ஏறும். பாலிபுரோப்பிலீன் உறை தினசரிக்குப் போதும், மஞ்சளாகவோ நெளிவாகவோ தெரிந்தால் மாற்றிவிடுங்கள். அரிய இதழுக்கு மைலார் என்று சொல்லும் பாலியஸ்டர் உறை, அது பல பத்தாண்டுகள் தாங்கும். பிவிசி உறை மட்டும் வேண்டவே வேண்டாம், அதிலிருந்து கசியும் ரசாயனம் அட்டையில் ஒட்டிக்கொள்ளும். அளவும் முக்கியம்: 1940களின் இதழ்கள் இன்றையதைவிட ஏறக்குறைய ஓர் அங்குலம் அகலமானவை, இன்றைய உறையில் திணித்தால் ஓரம் கிழியும்.

இப்போது டேப் விஷயம். உறையின் மடலைப் பின்பக்கம் மடித்து டேப் ஒட்டுவோம். மறுபடி படிக்க எடுக்கும்போது டேப்பைப் பிரித்து மடலைத் தூக்கி இதழை உருவுவோம். அந்த நொடியில் தொங்கிக்கொண்டிருக்கும் டேப் அட்டையின் மேல் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் நிறத்தோடு உரிந்து வரும். எனக்குப் பிடித்த ஓர் இதழில் வானத்தின் நடுவே சுண்டுவிரல் நகமளவு வெள்ளைத் திட்டு இப்படித்தான் வந்தது, இன்றும் பார்க்கும்போதெல்லாம் மனம் சுருக்கென்கிறது. ஆகவே டேப்பின் ஒரு முனையை ஒட்டாதபடி உள்ளே மடித்து வையுங்கள், பிரிக்கும்போது உறையிலிருந்து முழுசாக எடுத்துத் தூரப் போட்டுவிட்டு அப்புறம் இதழை உருவுங்கள். திரும்ப வைக்கும்போது புது டேப்.

பெட்டியில் நிமிர்ந்து நிற்கும்படி அடுக்குங்கள். விரல் நுழையும் அளவு தளர்வு இருக்கட்டும், ஆனால் சாயும் அளவுக்கு இடம் விடாதீர்கள், சாய்ந்தால் முதுகு வளையும். சிறிய பெட்டியில் உறையோடு 150 இதழ் போலப் பிடிக்கும், நீளப் பெட்டியில் அதைப் போல இரண்டு மடங்கு. இரண்டு மடங்கை ஒருவரால் தூக்க முடியாது, கீழே வைக்கும்போது டமாலென்று இறங்கி மூலைகள் நசுங்கும். சிறியதையே வாங்குங்கள்.

தரையில் வைக்காதீர்கள், ஒரு சாண் உயரமாவது தூக்கி வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டியும் கூரைக்கடியிலும் வேண்டாம். ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது, 65-ஐத் தாண்டினால் பூஞ்சை வரும். ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கிப் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள், அறையின் கணக்கும் பெட்டியின் கணக்கும் வேறாக இருக்கும். ஈரம் அதிகமான பருவத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அவை ஈரம் குடித்ததும் மாற்றுங்கள். கிழிந்த தாளைச் செல்லோ டேப்பால் ஒட்டவே கூடாது, ஒட்டினால் சில வருடத்தில் மஞ்சள் கறை இறங்கும். கையுறை தேவையில்லை, கழுவி நன்றாகத் துடைத்த கை போதும். கையுறை போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாமல் கிழித்துவிடுவோம்.

படி 9: பட்டியலும் பணமும்

என்ன இருக்கிறது என்று எழுதி வைக்காவிட்டால் ஒரே இதழை இரண்டு தடவை வாங்குவீர்கள். தொடர், எண், ஆண்டு, பதிப்பு, எந்தப் பெட்டி, டிஜிட்டலில் இருக்கிறதா என்று ஆறே பத்தி உள்ள ஒரு அட்டவணை போதும். இதழின் விவரங்களைச் சரிபார்க்க கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் என்ற இலவசத் தளம் இருக்கிறது, தன்னார்வலர்கள் 1994 முதல் கட்டி எழுப்பியது.

விலை ஏறும் என்று நம்பி மட்டும் வாங்காதீர்கள். 1991-ல் எக்ஸ்-மென் முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது, லட்சக்கணக்கானவர்கள் அதை உறை போட்டுப் பத்திரப்படுத்தினார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தியதாலேயே அது இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. சூப்பர்மேன் முதலில் தோன்றிய 1938-ன் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழுக்கு அவ்வளவு மதிப்பு வர ஒரு பெரிய காரணம், அன்று யாரும் அதைப் பொருட்டாக நினைக்காமல் படித்துக் கசக்கித் தூக்கிப் போட்டதுதான்.

படி 10: வருடத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறங்கள்

ஒவ்வோர் உறையையும் எடுத்து, நெளிவோ வாடையோ பூச்சியோ இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே அட்டவணையையும் எடுத்து, அந்த வருடம் எதையெல்லாம் மறுபடி படித்தீர்கள் என்று குறியுங்கள். மூன்று வருடமாகக் கையே படாத இதழ் டிஜிட்டலில் எளிதாகக் கிடைக்கிறது என்றால், அதை வெளியே அனுப்பலாம். விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், காமிக்ஸ் பக்கமே வராத ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிடலாம். செயலியில் வாங்கிய எதையும் இப்படி ஒருவர் கையில் கொடுக்க முடியாது. அதனால் யாரிடமாவது "இதைப் படித்துப் பார்" என்று நீட்ட வேண்டும் என்று தோன்றுகிற கதைகளை மட்டும் நான் எப்போதும் ஒரு பிரதி கூடுதலாகவே காகிதத்தில் வாங்குகிறேன். கொடுக்கும்போது உறையோடு கொடுங்கள், டேப்பின் முனை மடித்திருக்கிறதா என்று ஒருதடவை பார்த்துவிட்டு.